மானுக்கு விட்ட பொட்டு

1

காலையில் எழும்பினால் என் வயதுக்காரருக்குக் கைபேசியில் ரோசாப்பூவும் முருகன் படமும் வந்திருக்கும். எனக்கு மானின் பின்பக்கம் வந்திருக்கும்.

பகிடிக்குச் சொல்லவில்லை. ஒஸ்லோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் வடக்கே, ஒரு மலைக்காட்டில் மரத்தோடு கட்டிவைத்த சின்னக் கமரா ஒன்று, எதிரே எது அசைந்தாலும் படம் பிடித்து எனக்கும் மகளுக்கும் அனுப்பும். பெரும்பாலும் காற்றுக்கு ஆடிய கொப்பு. சிலவேளை முயல். ஒருமுறை என்னுடைய வழுக்கை. அதை மகள் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாள். மான் வந்தாலும் அது திரும்பிப் போகும்போதுதான் கமரா விழிக்கும். வெள்ளை வெளேரென்ற பின்பக்கமும் இரண்டு காலும்தான் எங்களுக்கு மிச்சம்.

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் வீடு, பஸ் ஓட்டும் வேலை, கோயில் திருவிழா என்று இருந்த மனிசன் இந்த நிலைமைக்கு எப்படி வந்தான் என்று ஊரில் இருக்கும் நீங்கள் கேட்பீர்கள். வெளிநாட்டுக்காரன் எழுதினால் பனி, குளிர், தனிமை என்றுதான் எழுதுவான். இது காடு வெட்டிய கதை. அந்தக் காணிக்குள் கால் வைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நான் எழுதாவிட்டால் என் மனைவி சாந்தி தன்னுடைய பாணியில் கதையைப் பரப்பிவிடுவாள். அதில் நான்தான் கோமாளி.

2

எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. இங்கே பிறந்தவள். எலும்பு முறிந்தவர்களை நடக்கப் பழக்குவது அவளுடைய வேலை. நகரின் இன்னொரு பக்கம், ட்வெய்ட்டாவில் தனியாக இருக்கிறாள். கலியாணப் பேச்சை எடுத்தால் உடனே அவளுக்கு யாரோ போன் எடுப்பார்கள். ஒருநாள் எங்களிடம் வந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "அப்பா, நான் சோதினை பாஸ் பண்ணிட்டன்" என்றாள்.

"இன்னும் என்ன சோதினை? படிச்சு முடிஞ்சுதெல்லோ?"

"வேட்டைக்காரர் சோதினை. யேகர்பிரூவ."

சாந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். "சிவசிவா! ஆர் பிள்ளை உனக்கு இறைச்சி தராமல் விட்டது?"

பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வந்தது. வகுப்புக்குப் போயிருக்கிறாள். சுட்டுப் பழகியிருக்கிறாள். பொலிசுக்கு விண்ணப்பித்து, அனுமதி எடுத்து, துவக்கு வைக்க இரும்புப் பெட்டியும் வாங்கிவிட்டாள். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தவன் நான். என் பிள்ளையின் உடுப்பு அலுமாரிக்குப் பக்கத்தில் துவக்குக்கு ஒரு அலுமாரி. அதை முதலில் பார்த்த அன்று பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். என் பயத்தை அவளிடம் சொல்லவில்லை. ஏன் இந்த வேலை என்று மட்டும் கேட்டேன்.

"காட்டுக்குள்ளை இருக்கேக்கை தலைக்குள்ளை ஒரு சத்தமும் இல்லை அப்பா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

மலைக்காணி பெரித் என்ற வயதான விதவையுடையது. இடுப்பு எலும்பு முறிந்து ஆரணியிடம் நடை பழகியவர். அவருடைய கணவர் இருந்தவரைக்கும் அந்த மலையில் மான் நின்றதாம். அவர் போனபிறகு யாரும் காட்டைப் பார்க்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வைக்கும் நத்தார் மரங்கள் நெருக்கி வளர்ந்து மலையை மூடிவிட்டன. மான் வேறு பக்கம் போய்விட்டது. இப்போது நகரத்திலிருந்து சிலர் வந்து, மலையைத் தந்தால் வார இறுதிக் குடில்கள் கட்டுவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரித் ஆரணியிடம் சொன்னார்: "ஒரு வருடம் மலையைப் பார்த்துக்கொள். மானை வரவை. அடுத்த செப்டம்பரில் இங்கே நியாயமாக ஒரு மான் சுட்டு எடுக்கலாம் என்று எனக்குத் தெரிந்தால், வேட்டை உரிமையைப் பத்து வருடத்துக்கு உனக்கு எழுதித் தருகிறேன். இல்லாவிட்டால் குடில்காரருக்கு ஓம் சொல்லிவிடுவேன்."

ஆரணிக்கு அந்த மலை வேண்டும். எனக்கு மலையும் வேண்டாம், மானும் வேண்டாம். ஆனால் அன்று இரவே போன் எடுத்து, "அப்பா, சனிக்கிழமை எனக்கு உதவிக்கு வாறீங்களோ?" என்று கேட்டாள். பள்ளிக்கூடம் முடித்த பிறகு அந்தப் பிள்ளை என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. பிறந்தநாளுக்கு வருவாள், சாப்பிடுவாள், எங்களோடு தமிழில் கதைத்துக்கொண்டே போனில் வேறு யாருக்கோ நொஸ்கில், இந்த நாட்டு மொழியில், எழுதுவாள். இப்போது சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை காரில் இரண்டு மணித்தியாலம் என் பக்கத்தில் இருக்கப்போகிறாள். மலை கைவிட்டுப் போனால் இந்தச் சனிக்கிழமைகளும் போய்விடும். எனக்கு அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

3

மானை வரவைப்பது என்றால் சாப்பாடு கொண்டுபோய்க் கொட்டுவது என்று நினைத்தேன். ஆரணி சிரித்தாள்.

அந்த மலைக்குள் நுழைந்தால் பகலிலும் லைற் போடாத அறை மாதிரித்தான் இருக்கும். நத்தார் மரங்கள் ஒரே உயரத்தில், ஒரே நெருக்கத்தில். கீழே உதிர்ந்த பழுப்பு ஊசியிலையைத் தவிர ஒரு புல் இல்லை. அதற்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மரங்களைத் தறித்து வெளிச்சம் விழ இடம் விடவேண்டும். வெளிச்சம் பட்ட இடத்தில் சிவப்புக் குலை பழுக்கும் மரங்களும் வில்லோ என்ற ஈரநிலப் பற்றைச் செடியும் தாமாக முளைக்கும். மானுக்குச் சோறும் கறியும் அதுதான். ஓடைக்கரையில் உயர்ந்துபோன வில்லோவை முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால், புதுத் துளிர் மானின் வாய்க்கு எட்டும். ஆனால் முழுவதையும் திறந்துவிடவும் கூடாது. மான் பகலில் படுக்க இருட்டும் வேண்டும். பழைய வண்டிப் பாதையில் மான் மேய குளோவர்ப் புல் விதை போட்டோம். அடிக்கட்டை ஒன்றின் மேல் மான் நக்க உப்புக்கல் வைத்தோம்.

மரம் அரியும் மெசின் ஆரணியின் கையில். எனக்குக் கைவாளும் கத்தியும். இந்த வட்டாரத்தில் யார், எவ்வளவு காணிக்கு, எத்தனை மான் எடுக்கலாம் என்பதைக் கொம்யூன் என்ற உள்ளூராட்சிக் கந்தோர்தான் முடிவுசெய்யும். மானுக்கும் கோட்டா. அகதியாக வந்த எங்களுக்கு அதை ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கோயிலில் விஷயம் பரவிவிட்டது. "என்ன அண்ணை, வன்னியிலை காடு வெட்டிக் காணி எடுங்கோவெண்டேக்கை ஓடி வந்தனீங்கள். இஞ்சை வந்து வெள்ளைக்காரிக்குச் சும்மா வெட்டிக் குடுக்கிறீங்களாம்?" என்று பிரசாத வரிசையில் நின்று கேட்டார்கள். சாந்தி என்னை முந்திக்கொண்டாள். "அவருக்கு வீட்டிலை ஒரு கருவேப்பிலைக் கண்டுக்குத் தண்ணி ஊத்த நேரமில்லை. மானெண்டா மட்டும் ஓடுவார்."

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் வெட்டினோம். நண்பகலுக்கு ரொட்டியும் சம்பலும். அவள் தன் வேலையைப் பற்றி, சிநேகிதிகளைப் பற்றி, ஒருமுறை தன்னை விட்டுப்போன ஒரு பெடியனைப் பற்றிக்கூடச் சொன்னாள். நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

4

ஏப்ரலில் எனக்கு லீவு கிடைத்தது. ஆரணிக்கு வெள்ளி வரை வேலை. "நீங்கள் முதல்லை போங்கோ அப்பா. ஓடைக்கரை வில்லோவை வெட்டி அப்பிடியே விடுங்கோ, நான் வந்து பாக்கிறன்" என்றாள். பெரித்தின் பழைய விறகுவெட்டிக் குடிலில் தங்கினேன்.

முதல் நாளே வில்லோவை வெட்டி முடித்துவிட்டேன். மணிக்கட்டுப் பருமனில், நேர் நேரான பச்சைத் தடிகள் கரையெல்லாம் கிடந்தன. அப்படியே விடு என்கிறாள் பிள்ளை. யாழ்ப்பாணத்தான் ஒருவன் நேரான பச்சைத் தடியை அப்படியே விட்டுவிட்டுப் போவானா?

அதோடு, அந்தக் காணிக்குப் போன முதல் நாளிலிருந்து ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே எல்லை இல்லை. மேற்குப் பக்கம் வேறொரு கமக்காரரின் காடு. அதற்கும் இதற்கும் நடுவில் ஒரு கல், கல்லில் மங்கிய சிவப்புப் பூச்சு, அவ்வளவுதான். எங்கள் ஊரில் என் ஐயாவும் சித்தப்பாவும் ஒரு சாண் வேலிக்காகக் கோட்டுக்குப் போனவர்கள். ஒரே பஸ்ஸில் போய், வழக்குப் பேசி, ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள். காணி என்றால் முதலில் வேலி. பிறகுதான் கிணறு, பிறகுதான் வீடு. எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

கதியால் போட்டேன். பூவரசும் கிளுவையும் தடியாக வெட்டி நட்டு, உயிரோடு வேலியாக வளரவிடுவோமே, அதேதான். குடிலில் குழி தோண்டும் இரும்பு அலவாங்கு ஒன்று இருந்தது. அந்த எல்லைக் கல்லிலிருந்து ஓடைவரை நூல் பிடித்து, குழி போட்டு, தடியை இறுக்கி, குறுக்கே வரிச்சுக் கட்டினேன். மூன்று நாள் வேலை. கை கொப்பளித்தது, இடுப்பு விட்டுப்போனது, மனம் மட்டும் குளிர்ந்துபோய் இருந்தது. படம் எடுத்துச் சாந்திக்கு அனுப்பினேன்.

"நேராய் வந்திருக்கு. மாமாடை வேலி மாதிரியே கிடக்கு" என்று பதில் போட்டாள். மாமா என்றது என் ஐயாவை. அன்று இரவு பேரரசன் மாதிரி நித்திரை கொண்டேன்.

5

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரணி வந்தாள். வேலியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"அப்பா, இது என்ன?"

"வேலி."

"ஏன்?"

என் சீவியத்தில் ஒரு வேலியைப் பார்த்து ஏன் என்று யாரும் கேட்டதில்லை. "எல்லை தெரியவேண்டாமோ பிள்ளை? நாளைக்கு அந்தப் பக்கத்தான் ஒரு அடி உள்ளுக்கை வந்திட்டா?"

"ஆர் அப்பா வரப்போறது? மான்தான் வரோணும்! அதைத்தானே இவ்வளவு நாளும் கூப்பிடுறம்!"

குனிந்து நிலத்தைக் காட்டினாள். பாசியில் ஒரு ஒற்றையடித் தடம். சின்னப் பிளவுக் குளம்பு. பக்கத்தில் கறுப்பு மணி மணியாய்ப் புழுக்கை. அந்தத் தடம் மேற்குக் காட்டிலிருந்து நேரே வந்து, நான் கட்டிய வரிச்சில் முட்டி நின்றது. குளிர்காலம் முழுக்க நாங்கள் வெட்டித் திறந்த அத்தனை இடத்துக்கும் மான் வருகிற வழி அது ஒன்றுதான். அந்த வாசலில் குறுக்கே நின்று மூன்று நாள் பாடுபட்டு அடைத்திருக்கிறேன்.

"பக்கத்துக் காணிக்காரர் பெரித்துக்குப் போன் பண்ணியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பெரித் பாக்க வாறா." அவள் சத்தம் போடவில்லை. ஒரு அடிக்கட்டையில் குந்தியிருந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. முதுகு முறிய நான் செய்த வேலைக்கு இதுவா கூலி என்று நாக்கு நுனிவரை வந்தது. அவளுடைய தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அது அப்படியே உள்ளே போய்விட்டது. பாவி, பிள்ளையின் மலையைக் கெடுத்துவிட்டேனே என்றுதான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் சாந்திக்குப் போன் எடுத்தேன். ஆரணிக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

சாந்தி முழுவதையும் கேட்டாள். "வேலி போட்டனீங்கள், சரி. பொட்டு விட்டனீங்களோ?"

நான் வேலியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பொட்டில்லாமல் வேலி போட்டனீங்களோ? நல்லாயிருக்கு! ஊரிலை ஆராவது அப்பிடிப் போடுவினமே?"

"பொட்டெண்டா என்னம்மா?" என்று ஆரணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"வேலியிலை ஒரு நுழைவழி பிள்ளை. பக்கத்து வீட்டுக்குப் போய்வர. உன்ர அப்பப்பாவும் அவரின்ர தம்பியும் கோட்டிலை வழக்காடேக்கை, ரெண்டு வீட்டுப் பொம்பிளையளும் பொட்டாலைதான் கறி மாத்தினவை. ஆம்பிளையள் வேலியை மட்டும் நினைவிலை வைச்சிருப்பினம், பொட்டை மறந்துபோவினம்."

ஆரணி எழும்பி அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், "எவ்வளவு அகலம் விடுறது?" என்று கேட்டாள்.

"ஒரு ஆள் சரிஞ்சு போற அளவு."

"மான் சரிஞ்சு போகாது அப்பா."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அலவாங்கைக் கையில் எடுத்தாள். சனிக்கிழமை தடம் வந்த இடத்தில் ஒன்றும், ஓடைப் பக்கம் ஒன்றுமாக இரண்டு பொட்டு விட்டோம். மாடு போகிற அகலம். கமராவையும் வேலியைப் பார்க்கும்படி மாற்றிக் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை பெரித் ஊன்றுகோலோடு வந்தார். வேலியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நடந்தார். ஒரு தடியை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "மாட்டுக்குத்தான் எங்கள் ஆட்கள் வேலி போட்டார்கள்" என்றார். பிறகு பொட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "புது வாசலுக்கு மான் பயப்படும். இருக்கட்டும், செப்டம்பர் வரை பார்ப்போம். வராவிட்டால் வேலியையும் பிடுங்குங்கள், நானும் குடில்காரருக்குச் சொல்லிவிடுகிறேன்."

கோபித்துச் சொல்லவில்லை. இவர்கள் கோபிக்காமல் சொல்வதுதான் எனக்கு எப்போதும் பயம். திரும்பிவரும் வழியில் ஆரணி ரேடியோவைப் போட்டாள். அதுவரை எங்கள் சனிக்கிழமைப் பயணத்தில் ரேடியோ பாடியதில்லை.

6

மே மாதம் கமராவில் கொப்பு மட்டும் ஆடியது. ஆரணி போன் எடுப்பது குறைந்தது. "இந்தச் சனிக்கிழமை எனக்கு வேலை அப்பா" என்றாள். அடுத்த கிழமையும் அதுவே. சாந்தி கறியில் உப்புப் போட மறந்தாள்.

ஜூன் மாதத்தில் ஒருநாள், காலை வேலைக்குப் போக டி-பானா என்ற நகர ரயிலில் இருந்தேன். போன் அதிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். என்னுடைய வேலி தலையிலிருந்து அடிவரை துளிர்த்திருக்கிறது. ஒவ்வொரு கதியாலும் பச்சைக் குடுமி வைத்திருக்கிறது. அதன் முன்னால் ஒரு பெட்டை மான், இம்முறை முகம் தெரிய நின்று, வேலியைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

"ஏய்! ஹை, ஹை!" என்று கத்திவிட்டேன். வேலி தின்கிற மாட்டைக் கண்ட வாய், என்னைக் கேட்டுக்கொண்டா கத்தும்? பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எதிரே இருந்த பெண் தன் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த நிமிடம் ஆரணி போன் எடுத்தாள். "அப்பா, பாத்தீங்களோ? வேலியைச் சாப்பிடுது! வேலி முளைச்சிட்டுது!"

"பாத்தன். கலைச்சும்போட்டன்."

"என்ன?"

"ரயிலுக்கை இருந்து கலைச்சுப்போட்டன் பிள்ளை. எல்லாரும் என்னைத்தான் பாக்கினம்."

அவள் சிரித்தாள். நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தாள். நான் இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டேன். "சனிக்கிழமை வாறீங்களோ?" என்று கடைசியில் கேட்டாள்.

எவ்வளவு மடையன் நான்! ஊரில் வேலியில் குழை முறித்துத்தானே ஆட்டுக்குப் போட்டோம். எங்கள் வேலியே ஆட்டின் சாப்பாடுதானே. அது மான்களுக்கும் ஆகும் என்று ஒரு நிமிடம் நான் யோசிக்கவில்லை. தற்செயலாக முளைத்தது, தற்செயலாகத் தின்றது. ஆகஸ்டில் பொட்டுக்குள்ளால் போகும் தடம் நல்லூர்க் கோயில் வீதி மாதிரி மினுங்கியது. ஆனாலும் பெரித் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் காட்டினால், "படம் பார்த்தேன்" என்பார், அவ்வளவுதான்.

7

செப்டம்பர் கடைசி. விடிந்து கொஞ்ச நேரம். பெரித் குடில் வாசலில் கோப்பியோடு இருந்தார். ஆரணியும் நானும் விழுந்த மரமொன்றின் பின்னால், பொட்டைப் பார்த்துக்கொண்டு, காற்று முகத்தில் படும்படி இருந்தோம். இருமக் கூடாது, அசையக் கூடாது, கமரா மாதிரி இருங்கோ என்று சொல்லியிருந்தாள். காதுக்கு மூடி தந்திருந்தாள்.

சின்னக் கொம்பு வைத்த ஒரு இளம் கடா மான் மேற்குக் காட்டிலிருந்து வந்தது. வேலியில் இரண்டு வாய் கடித்தது. தலையை உயர்த்திப் பார்த்தது. சொந்த வீட்டுக்குள் நுழைகிறவன் மாதிரி பொட்டுக்குள்ளால் வந்து, பக்கவாட்டில் நின்றது. ஆரணி மூச்சை விடுவது தோளில் தெரிந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச்சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்சில் இடித்தது. ஒரு கணம் நான் அந்த மலையில் இல்லை. எங்கே இருந்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கண்ணைத் திறந்தபோது மான் நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தது. ஆரணி துவக்கை வெறுமையாக்கிக் கீழே வைத்தாள்.

"பக்கத்திலை வாங்கோ அப்பா" என்றாள். போய் மானுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் நானுமாக இருந்தோம். அவள் சந்தோசப்படவுமில்லை, அழவுமில்லை. அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளையைப் பற்றி நான் பயந்ததெல்லாம் அந்தக் கையைப் பார்த்ததும் போய்விட்டது.

பெரித் மெதுவாக வந்து சேர்ந்தார். "என் கணவர் ஒன்று செய்வார். கடைசி வாய் கொடுப்பார்" என்றார். பச்சைக் கொப்பொன்றை முறித்து மானின் வாயில் வைப்பதாம். அவர் நத்தார் மரத்தைத் தேடித் திரும்பினார். எனக்குக் கிட்ட இருந்தது வேலிதான். ஒரு துளிரை முறித்து ஆரணியிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, மானின் வாயைத் திறந்து, உள்ளே வைத்தாள்.

வாய்க்கரிசி. இதுதானே வாய்க்கரிசி. ஐயா செத்தபோது எனக்கு இங்கே விசா முடிவு வரவில்லை. போனில் ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். அவருக்கு ஒரு பிடி அரிசி போட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் அழுதேன். மகளுக்கு முன்னால், ஒரு வெள்ளைக்காரிக்கு முன்னால், ஒரு மானுக்குப் பக்கத்தில் இருந்து நன்றாகவே அழுதேன். ஆரணி எட்டி என் கையைப் பிடித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

பெரித் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. வேலிப் பக்கம் போய், கடிபட்ட நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஓடைக்கரையில் வேலி முடிகிற இடத்தில் நின்று, அப்பால் உள்ள சரிவைப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலால் அதைக் காட்டினார்.

"இது போதாது. வசந்தத்தில் அந்தப் பக்கமும் நடுங்கள்."

மலை கிடைத்துவிட்டது என்று ஆரணிக்கு என்னைவிட முதலில் விளங்கிவிட்டது. என் கையை இறுக்கினாள், விரல் நொந்தது. எனக்கு நொஸ்கில் நன்றி என்று சொல்லத்தான் வந்திருக்கவேண்டும். வாயில் வந்தது வேறு.

"பொட்டு எத்தனை விடுறது பிள்ளை?" என்று தமிழில் கேட்டேன்.

ஆரணி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். "அதை அம்மாட்டைக் கேப்பம்" என்றாள்.